கறை பிடிக்கிற கத்தி

"மூணுல எது?"

"எனக்கென்ன தெரியும்? கொக்கோ வெட்டிப் பாக்கிறது நீங்க."

"எடுக்கிறது நீ. நாளும் பொழுதும் என்ட இடுப்புல கெடக்கப் போற சாமான். ஒன்ட கையால எடுத்ததா ஈக்கட்டும்."

"அலகுல பெருவிரல வெச்சுப் பாக்காதீங்கொ. வெட்டுப்பட்டா நாந்தான் சோறு ஊட்டணும்."

"அப்ப வெட்டிக்கத்தான் வேணும்."

கலியாணமாகிப் பதினோராம் நாள், கட்டுக்கலை வீட்டில் நடந்த பேச்சு அது. வருடம் 1921. மஸீனாவுக்குப் பதினெட்டு வயது. வீட்டுப் பெண்கள் கடைத்தெருவுக்குப் போவதில்லை என்பதால், சாஹுல் ஹமீது கடையில் மூன்று பேனாக்கத்திகளைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டிருந்தார்கள். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பி அனுப்பலாம். அவள் மூன்றாலும் பாக்கு வெட்டிப் பார்த்துவிட்டு, எருமைக்கொம்புப் பிடி போட்ட ஒற்றை அலகுக் கத்தியை எடுத்தாள்.

அன்று முதல் அது கணவர் ஜவாஹிரின் இடுப்புவார்ப் பையில் குடியிருந்தது. தோட்டந்தோட்டமாகப் போய்க் கொக்கோ வாங்குவது அவர் தொழில். ஒரு கொட்டையைப் பிளந்து உள்நிறம் பார்க்காமல் பேச்சைத் தொடங்கமாட்டார்.

பிள்ளை உண்டாகவில்லை. ஆறாம் வருடம் வத்தேகமவில் ரபீகாவை இரண்டாந்தாரமாக முடித்தார். மஸீனாவிடம் கேட்டுத்தான் முடித்தார். அவளும் தலையாட்டினாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று நாள் அங்கே, மூன்று நாள் இங்கே. அந்தக் கணக்கில் அவர் ஒருநாளும் பிசகியதில்லை. ஒரு வீட்டுக் கதையை மறுவீட்டில் எடுப்பதுமில்லை. இரண்டு வருடத்தில் அங்கே மகள் பிறந்து ஸக்கியா என்று பெயர் வைத்ததைக்கூட, பக்கத்து வீட்டு றம்ஸியா சொல்லித்தான் மஸீனா அறிந்தாள். அதன்பின் அந்தப் பெயர் கட்டுக்கலை வீட்டுக்குள் யார் வாயிலும் வந்ததில்லை.

சாரம், செருப்பு, தொப்பி எல்லாம் வீட்டுக்கொன்றாக இருந்தன. கத்தி மட்டும் ஒன்றுதான். வத்தேகம வழியாக ஓடும் மாத்தளை ரயிலில் அவரோடு போய் அவரோடு வந்தது.

அவர் குளிக்கப் போனதும் மஸீனா அதை விரித்துப் பார்ப்பாள். தோடம்பழம் உரித்திருந்தால் அந்த ஆரஞ்சுப் புளிப்பில் அலகு நீலம் பாய்ந்திருக்கும். பிள்ளைக்கு உரித்திருப்பார். ஒருமுறை மடிப்பில் தென்னங்குரும்பையின் பழுப்புக் கறை காய்ந்திருந்தது. விளையாட்டு வண்டி செய்து கொடுத்திருப்பார். போன ஜனவரியில் மடிப்புக்குள் சிவப்புச் சாயத்தோடு மரத்தூளும், அலகின் நுனியில் கரியும் இருந்தன. பென்சில். பள்ளிக்கூடம் சேர்த்துவிட்டார்கள். அன்று சோறு வடிக்கையில் கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டாள். கேட்டவரிடம் கை வழுக்கிவிட்டது என்றாள்.

இன்று ஜவாஹிர் ரயிலால் வந்ததும் ஒரு துணிப்பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"பழச அங்கயே வெச்சிட்டேன். இடுப்புவாரும் அங்கைக்கு ஒண்டு, இங்கைக்கு ஒண்டு வாங்கியாச்சு. இனிக் கத்தியும் அப்பிடி ஈக்கட்டும். மாறி மாறி மறந்து போறேன். பாரு, மூணு. நீயே எடு."

ஒன்று வெள்ளிபோல மின்னியது. "இது புதுசு. கறையே புடிக்காதாம். தொடைக்கிற வேலையும் இல்ல," என்றார். இன்னொன்று இரட்டை அலகு, இடுப்பை இழுக்கும் கனம். மூன்றாவது, பழையதைப் போலவே எருமைக்கொம்புப் பிடி.

மஸீனா மின்னியதைக் கையில் எடுத்தாள். எதை வெட்டினாலும் வாய் திறக்காத கத்தி. அதை வைத்துவிட்டு மற்ற இரண்டையும் தொட்டாள். எதை எடுத்தால்தான் என்ன? மூன்றில் ஒன்றும் வத்தேகமவுக்குப் போய்வரப் போவதில்லை. அந்த வீட்டிலிருந்து அவளுக்கு நேரே வந்துகொண்டிருந்த ஒரே சேதி இன்றோடு நின்றுவிட்டது.

"என்ன யோசன? அண்டைக்கு மாதிரி பாக்குல வெட்டிப் பாரேன்."

அவள் எழுந்து போய் அலுமாரியைத் திறந்தாள். திரும்பி வந்தபோது கையில் பாக்கு இல்லை. ஒரு சிவப்புப் பென்சில் இருந்தது, சீவாதது.

"பாக்கு கேட்டா பென்சில் வருது!" ஜவாஹிர் சிரித்தார். "ஒனக்கும் கண்ணாடி போடணும் போல."

அவள் சிரிக்கவில்லை. எருமைக்கொம்புக் கத்தியை விரித்துச் சீவத் தொடங்கினாள். சிவப்பு விளிம்போடு சுருள் சுருளாக மேசையில் விழுந்தது.

"இந்த வீட்டுல பென்சில் யாருக்கு, மஸீனா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கு விளங்கியது. சிரிப்பு பாதியில் நின்றது.

"ஜனவரியில றம்ஸியாட்ட சொல்லி எடுப்பிச்சேன்," என்றாள் அவள், சீவுவதை நிறுத்தாமல். "புள்ள பள்ளிக்குப் போறா எண்டு ஒங்கட கத்திதான் சொல்லிச்சு. நீங்க சொல்லல்ல."

"ஒன்ட மனசு நோகும் எண்டுதான்..."

"சொன்னா நோகும். சொல்லாட்டியும் நோகுதே."

அவர் தலை குனிந்து மேசையில் கிடந்த சீவல்களை விரலால் ஒதுக்கினார். ஒதுக்கியதையே திரும்பவும் ஒதுக்கினார்.

மஸீனா பென்சிலின் கூர்முனையை விரல்நுனியில் வைத்துப் பார்த்தாள். கத்தியை மடித்து அவர் பக்கம் தள்ளினாள். பென்சிலைத் தள்ளவில்லை. ஆறு வருடமாக வாய்வரை வந்து திரும்பிப் போன பேச்சு, இந்தத் தடவை திரும்பவில்லை.

"ஸக்கியாவ ஒரு நாளைக்கு இங்க கூட்டிட்டு வாங்கொ. இத நான் அவட கையில குடுக்கணும்."