போலோவுக்குப் போட்ட மொட்டை

கூரை ஷீட்டின் மேல் வீசிய தண்ணீர் சொய்ங் என்று சத்தம் போட்டது. கீழே சொட்டுவதற்குள் பாதி காணாமல் போய்விட்டது. ஸ்டூலின் மேல் நின்றிருந்த ஜெகதாம்பாள் அடுத்த பக்கெட்டுக்காகக் கையைக் கீழே நீட்டினாள். எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. மகன் தேவா வீட்டில் இருந்த காலத்துப் பழக்கம், கையை விட்டு இன்னும் போகவில்லை. முணுமுணுத்துக்கொண்டே இறங்கி, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறினாள். காலையிலேயே சேக்காட்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. கத்திரி இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, இன்னும் முழுசாக மிச்சம் இருக்கிறது.

இத்தனை அமர்க்களமும் அவளுக்காக இல்லை. கலியாணமாகி வந்த நாளிலிருந்து இந்த சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே வெந்து பழகியவள் அவள். உள்ளே, ஏர்கூலருக்கு நேர் எதிரே, ஈரத்தரையில் வயிற்றை அப்பிக்கொண்டு கிடந்ததே போலோ, அதற்காகத்தான். சாம்பலும் வெள்ளையுமாக அடர்ந்த முடி, ஒரு கண் கறுப்பு, ஒரு கண் நீலம். பனி கொட்டுகிற சீமையில் வண்டி இழுக்கவேண்டிய நாய் ஜாதி. அதற்குச் சேக்காட்டில் என்ன வேலை என்று கேட்டால் தேவாவைத்தான் கேட்கவேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்த ஜோரில், ஃபோனில் எவனோ வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, குட்டியாக வாங்கிவந்தான். அது தெருவில் நடந்தால் தெருவே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெருமை முதல் கோடை வரைக்கும்தான். பிறகு எல்லாம் ஜெகதாம்பாள் தலையில் விடிந்தது. தயிர்சோறு, தர்பூசணித் துண்டு, மீன்கடையிலிருந்து கேட்டு வாங்கிவரும் ஐஸ்கட்டி, ஜன்னலுக்கு நனைத்த கோணி என்று அதற்குப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். அவள் புருஷன் உயிரோடு இருந்தபோதுகூட இவ்வளவு உபசாரம் கண்டதில்லை.

தேவா ஷாரனைக் கட்டிக்கொள்வதாக வந்து நின்ற அன்று ஜெகதாம்பாள் வாயில் வராத வார்த்தை இல்லை. வேதக்காரப் பெண் என்றாள், ஊர் சிரிக்கும் என்றாள், வயிற்றில் அடித்துக்கொண்டாள். கடைசியில் "செத்தாலும் என் மூஞ்சில முயிக்காத" என்றாள். எத்தனையோ வீட்டில் எத்தனையோ அம்மாக்கள் சொல்கிற வார்த்தைதான். மறுவாரமே மறந்துவிட்டுக் கருவாட்டுக் குழம்பு ஊற்றுவார்கள். தேவா மறக்கிற ரகம் இல்லை. சர்ச்சில் கலியாணம் முடிந்தது, பட்டாபிராமில் வாடகை வீடு பிடித்தான், அந்த வீட்டுக்காரர் நாய் கூடாது என்றுவிட்டார். ஆறு மாதத்தில் இரண்டு பேரும் கத்தாருக்கு விமானம் ஏறினார்கள். போலோ மட்டும் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் ஃபோன் வந்தது. வீடியோ கால். எடுத்தவளிடம் ஒரே வார்த்தைதான் சொன்னான். "நாய காட்டு." அவள் ஃபோனைத் திருப்பினாள். அன்று தொடங்கி வெள்ளி தவறாமல் அதுதான் நடந்தது. போலோவின் மூஞ்சிக்கு நேராக ஃபோனைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் குந்திக்கொள்வாள். அவளுக்குத் தெரிவது ஃபோனின் முதுகும் அதில் ஒட்டியிருந்த அம்மன் ஸ்டிக்கரும்தான். மகனின் மூஞ்சி நாய்க்கு, குரல் மட்டும் அவளுக்கு.

"நைனா, டூட்டி மாத்திட்டானுங்க. இப்போ உள்ளதான், ஏசில" என்பான் தேவா, போலோவைப் பார்த்து. நாய்க்கு டூட்டி மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன? யாருக்குச் சொல்கிறான் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"போலோ, வேளைக்கு சாப்ட சொல்லு ஒங்க அண்ணன" என்பாள் இவள், ஃபோனுக்குப் பின்னாலிருந்து. சண்டை போட்ட வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் குழந்தையை நடுவில் வைத்துக்கொண்டு "ஒங்கப்பாவ சாப்ட சொல்லு" என்று பேசுவதில்லையா, அந்தக் கதைதான். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஒரு நாய் தூது போய்க்கொண்டிருந்தது.

பங்குனியில் ஒருநாள் அவன் சொன்னான். "நைனா, ஒங்க அண்ணி முயுகாம கீறா." ஜெகதாம்பாளுக்கு எழுந்து போய் சாமி படத்துக்கு முன்னால் நிற்கவேண்டும் போலிருந்தது. ஃபோனை விட்டு எப்படி எழுந்து போவாள்?

"கேமரா ஆடுது" என்றான் தேவா.

"போலோ, வெயிட்டு எதையும் தூக்க வேணாம்னு சொல்லு ஒங்க அண்ணிகிட்ட." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அன்றிலிருந்து போலோவுக்கு ஒரு தும்மல் வந்தாலும் அவள் போட்டது போட்டபடி ஓடிவந்தாள். இது போய்விட்டால் அவன் எதற்காக ஃபோன் செய்வான்? அந்தக் குழந்தைக்கு அப்பனைப் பெற்ற ஆயா ஒருத்தி இருப்பதை யார் சொல்வார்கள்?

அன்றும் வெள்ளிக்கிழமை. காலையில் ஷீட்டை நனைத்ததெல்லாம் மத்தியானத்துக்குள் ஆவியாகிப் போனது. வோல்டேஜ் இல்லாமல் கூலர் முக்கி முக்கிச் சுற்றியது. சாயங்காலம் ஃபோன் வந்தபோது போலோ எழுந்திருக்கவே இல்லை. நாக்கு ஒரு பக்கம் தொங்க, விலா எலும்பு ஏறி ஏறி இறங்கியது.

"இன்னா நைனா இப்டி கீற? அங்க ஒன்ன யாராவது கண்டுக்கறாங்களா, இல்ல, கெடக்கட்டும்னு வுட்டாங்களா?" என்றான் தேவா.

அவள் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டான். ராத்திரி முழுக்க அந்த வார்த்தை அவளைத் தூங்கவிடவில்லை. கெடக்கட்டும்னு வுட்டாங்களாமே. எழுந்து எழுந்து போலோவின் வயிற்றில் ஈரத்துணி போட்டாள்.

அடுத்த வீட்டுக் கமலத்திடம் சொல்லி அழுதாள். கமலத்தின் மூன்று பிள்ளைகளும் கத்திரிக்கு முன்னாலேயே தலையை மழித்துக்கொண்டு, சந்தனம் பூசி, தேங்காய் மாதிரி திரிந்துகொண்டிருந்தன. வருஷா வருஷம் அந்த வீட்டில் அது நடக்கும். வேர்க்குரு வராது, சூடு கட்டி வராது.

"யக்கா, இம்மாம் முடிய வச்சிகினு அது இன்னா பண்ணும்? நாம கம்பளி போத்திகினு வெயில்ல நிப்போமா? எட்த்துடு. கொயந்தைக்கு போட்ற மாரி ஒரு மொட்ட. ஜில்லுனு ஆய்டும் ஒடம்பு."

ஜெகதாம்பாளுக்கு அது பளிச்சென்று பட்டது. இத்தனை கோடை தனக்கு ஏன் தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தேவாவுக்கு ஒவ்வொரு சித்திரையிலும் மொட்டை போட்டவள்தானே அவள். வேம்புலியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, வியாழக்கிழமை சாயங்காலம் சலூன்கார முனியனை வீட்டுக்கே கூட்டி வந்தாள்.

முனியன் முதலில் பிகு பண்ணினான். "நாய்க்கு சேவிங் பண்ணேன்னு தெரிஞ்சா எவனும் கடைக்கு வர மாட்டான்க்கா" என்றான். அவள் கெஞ்சின கெஞ்சலில் மெஷினை எடுத்தான். போலோ ஜெகதாம்பாள் மடியில் தலையை வைத்துக்கொண்டு, சாதுவாகக் காட்டிக்கொண்டிருந்தது. முடி பொதி பொதியாக விழுந்தது. அடியில் இருந்த பஞ்சு முடியையும் விடாமல் ஒட்ட எடுத்தான். வாலைத் தொட்டபோது மட்டும் பல்லைக் காட்டியது. "சரி, குடுமி மாரி இருந்துட்டு போவட்டும்" என்று வாலை அப்படியே விட்டுவிட்டான். முடிந்ததும் பார்த்தால் உள்ளே இருந்தது ஒரு சோனி நாய். வெளுத்த, ரோஜா நிறத் தோல். ஜெகதாம்பாள் சந்தனத்தைக் குழைத்து, முதுகிலிருந்து வயிறு வரைக்கும் பூசினாள். அது சொக்கிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டது. நாளைக்கு அவன் பார்க்கட்டும், யார் கண்டுக்கவில்லை என்று அப்போது சொல்லட்டும் என்று நினைத்துக்கொண்டாள். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை சேக்காடு முழுக்க கரண்ட் இல்லை. கம்பம் மாற்றுகிறார்களாம், சாயங்காலம்தான் வருமாம். கூலர் ஓடாத வீட்டுக்குள் அதைப் பூட்டிவைத்தால் அவிந்துவிடும். அவள் வேலை பார்க்கும் பேக்கிங் கம்பெனியில் அன்று லோடு ஏற்றுகிற நாள், லீவு கேட்டால் சூப்பர்வைசர் வேலையை விட்டே போகச் சொல்வான். வாசலில் முருங்கை மரம் இருந்தது. முருங்கை நிழல் ஒரு நிழலா என்று போன வருஷம் என்றால் யோசித்திருப்பாள். இப்போதுதான் மொட்டை போட்டாயிற்றே, சந்தனம் பூசியாயிற்றே. "இனிமே ஒனக்கு இன்னாடா, ராஜா" என்று அதைக் கொஞ்சி, அடிமரத்தில் கட்டினாள். பெரிய சட்டி நிறையத் தண்ணீர் வைத்தாள். நிழல் நகர்ந்தால் மாற்றிக் கட்டச் சொல்லிக் கமலத்திடம் ஒப்படைத்துவிட்டு ஷேர் ஆட்டோவுக்கு ஓடினாள்.

கமலம் மாற்றிக் கட்டத்தான் செய்தாள். இரண்டு தடவை தண்ணீரும் ஊற்றினாள். மத்தியானச் சோற்றுக்கு மேல் பிள்ளைகளுக்கு விசிறிக்கொண்டே படுத்தவள் கண்ணசந்துவிட்டாள். நிழல் சுவருக்குப் பின்னால் போய்விட்டது. சட்டி கவிழ்ந்துவிட்டது.

ஜெகதாம்பாள் தெருமுனையில் இறங்கும்போதே கமலம் ஓடிவருவது தெரிந்தது. "யக்கா, யக்கா" என்று கத்திக்கொண்டே வந்து அவள் கையைப் பிடித்து முருங்கை மரத்தடிக்கு இழுத்தாள். போலோ பக்கவாட்டில் கிடந்தது. சந்தனம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது, அந்த வெடிப்புக்குள் தோல் செக்கச்செவேல் என்று கன்றிப் போயிருந்தது. தொட்டால் அடுப்பில் வைத்த சட்டி. ஜெகதாம்பாள் அதை அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். முடி போனபின் அதில் கனமே இல்லை. ஆட்டோவில் மடியில் கிடத்தி, பாட்டில் தண்ணீரைத் தலையில் விட்டுக்கொண்டே போனாள்.

ஆவடியில் ஒரு நாய் டாக்டரம்மா இருந்தாள். சின்ன வயசு. மேஜையில் போட்டுச் சூடு பார்த்தாள், ஊசி போட்டாள், காதையும் பாதத்தையும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டாள்.

"முடிய யாரும்மா எடுத்தது?"

"நான்தாம்மா. சூடு தாங்கலயேன்னு."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வெயில் உள்ள இறங்காம தடுக்கறதே அந்த முடிதாம்மா. வெளிய கட்டினா அதுக்கு வேற எந்த மறைப்பும் இல்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கை கழுவப் போனாள்.

வீட்டுக்கு வந்தபோது கரண்ட் வந்திருந்தது. ஜெகதாம்பாள் தரையைக் கழுவி, ஈரத்தில் போலோவை வழக்கமான இடத்தில் கிடத்தி, தலையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிவைத்தாள். கூலரைப் போட்டாள். செத்ததற்கு எதற்குக் காற்று என்று கமலம் கேட்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவள், பிள்ளை கூப்பிட்டதும் எழுந்து போய்விட்டாள். ஜெகதாம்பாளுக்கு அழுகை வரவில்லை. நானே கொன்றேன், நானே மெஷின் வைத்து, நானே சந்தனம் பூசிக் கொன்றேன் என்பதைத் தவிர மனதில் ஒன்றும் ஓடவில்லை. விளக்கு வைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

ஃபோன் அடித்தது.

எடுக்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். கை பச்சையை அழுத்திவிட்டது. பழக்கம், கை தானாகவே ஃபோனைத் திருப்பிப் பிடித்தது. அவள் பின்னால் குந்திக்கொண்டாள்.

"இன்னா நைனா, இந்நேரத்துல தூக்கம்?"

சொல்லிவிடவேண்டும். கடைசியில் வாயிலிருந்து வந்தது வேறு. "போலோ, தூங்குறேன்னு சொல்லு."

"ஐயே, இன்னாடா இது, மொட்ட! சந்தனம் வேற." தேவா சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவளுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. "எனக்கும் இப்டித்தான் நைனா, திருவேற்காட்ல வச்சி போட்டுவுட்டாங்க. நான் அயுத அயுகைக்கு ஒரு பால் ஐஸ் வாங்கி குட்த்து ஏமாத்திட்டாங்க." பின்னாலிருந்து ஒரு பெண் குரல் என்னவோ கேட்டது. "இரு, ஷாரன்" என்றான். "நல்லாத்தான் பாத்துக்கறாங்க ஒன்ன. நான்தான் போன வாட்டி கண்டத பேசிட்டேன். தோ பாரு, தூக்கத்துலயும் வாலாட்டுது."

ஜெகதாம்பாள் எட்டிப் பார்த்தாள். வாலில் முனியன் விட்டுவைத்திருந்த முடி கூலர் காற்றில் அசைந்துகொண்டிருந்தது.

தேவா இந்தத் தடவை நாயைக் கூப்பிடவில்லை.

"யம்மா."

அவள் தலையைக் குனிந்து ஃபோனுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள்.

"யம்மா, ஃபோன திருப்பு. ஒன்ன பாக்கணும்."

ஃபோனின் முதுகில் அம்மன் ஸ்டிக்கர் ஓரம் பிரிந்துபோய் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் இரண்டு கையாலும் ஃபோனை அசையாமல் பிடித்திருந்தாள். எங்கிருந்தோ ஒரு ஈ வந்து போலோவின் காதில் உட்கார்ந்தது. ஓட்டுவதற்குக் கை இல்லை. "திருப்பும்மா" என்றான் தேவா மறுபடி. வால் முடி மேலே எழும்புவதும் படிவதுமாக இருந்தது.