மேகம் புகுந்த கம்ப்யூட்டர்

உள்ளே விசிறி சுற்றியது. பச்சை விளக்கும் எரிந்தது. திரை மட்டும் கரிச்சட்டி போலக் கறுத்தே கிடந்தது.

"ஏ பிள்ளை, செத்துப்போச்சா?" என்று வாசலில் நின்றபடியே கேட்டார் வாட்ச்மேன் மாயாண்டி.

"வாயைக் கழுவுங்க மாமா. முழிச்சுத்தான் இருக்கு, பேசமாட்டேங்குது," என்றாள் இராசாத்தி.

கொடைக்கானல் பூண்டு விவசாயிகள் சங்கத்துக்கு அந்த ஆவணியில்தான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. மதுரைக்குப் போய் அதைப் படித்துவந்தவள் இராசாத்தி ஒருத்திதான். பிளக்கைப் பிடுங்கிச் சொருகினாள். பின்னால் போகும் வயரை அழுத்திப் பார்த்தாள். பிளாப்பியை மாற்றிப் போட்டாள். ஊஹூம். கடைசியில் மேல்மூடியில் உள்ளங்கையை வைத்தாள். மாட்டு மூக்கு மாதிரி ஈரம்.

"மாமா, ராத்திரி ஜன்னல்..."

"நீ சொன்னபடியேதான். ரெண்டு கதவையும் விரியத் தொறந்து வச்சேன். குளிர் பத்தலையோன்னு திரைச்சீலையையும் கழட்டிட்டேன்."

கம்ப்யூட்டரை எப்போதும் குளிர்ச்சியாக வைக்கவேண்டும், ஏசி அறைதான் அதற்கு ஏற்றது என்று மதுரையில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். கொடைக்கானலில் ஏசிக்கு எங்கே போவது? ஜன்னலே போதும் என்று நினைத்துவிட்டாள். கார்த்திகை பிறந்தால் இங்கே ஜன்னல் வழியாகக் குளிர் மட்டுமா வரும்? மேகமே வந்து படுத்துக்கொள்ளும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவள் அப்பாவோடு ஒரே கப்பலில் வந்தவர் மாயாண்டி. அவரும் மனைவி மூக்கம்மாவும் ஆபீசுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில்தான் குடியிருந்தார்கள். இன்னொரு தப்பு நடந்தால் ஷெட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று மேனேஜர் குருநாதன் போன மாதமே சொல்லியிருந்தார்.

அந்தக் குருநாதன் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். பழனிக்காரர், இத்தனை வருஷமாகியும் மலைக்குளிரோடு அவருக்குச் சமாதானம் ஏற்படவில்லை. ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"எவன்யா ஜன்னலைத் தொறந்து போட்டது?"

"நாந்தாங்க தொரை. அடைக்க மறந்துட்டேன்," என்றார் மாயாண்டி, கண்ணை இமைக்காமல்.

"மறந்துட்டியா? போன மாசமே சொன்னேனா இல்லையா?"

"சார், அவர் பொய் சொல்றாரு. தொறக்கச் சொன்னது நாந்தேன்."

"நீ சும்மா இரு பிள்ளை."

"நீங்க சும்மா இருங்க மாமா!"

குருநாதன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பொய் சொல்றதுலகூட உங்களுக்குள்ள ஒத்துமை இல்லையாக்கும்? முதல்ல இது எந்திரிக்கட்டும். அப்புறம் யாரை அனுப்புறதுன்னு பாப்போம்."

மதுரை இன்ஜினியருக்கு டிரங்க் கால் கிடைக்க மத்தியானம் ஆகிவிட்டது.

"ஏசி ஓடுதான்னு கேக்குறாரு சார்."

"ஓடுதுன்னு சொல்லு. தை முடியிற மட்டும் நிறுத்தவே முடியாத ஏசின்னு சொல்லு."

இராசாத்தி நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் முதலில் சிரிப்பு. பிறகு வழி: பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றவேண்டும், ஒட்டாமல் பக்கத்தில் ஒரு குண்டு பல்பை எரியவிடவேண்டும், நன்றாகக் காய்கிறவரை சுவிட்சைத் தொடவே கூடாது.

தேத்தண்ணி கொண்டுவந்த மூக்கம்மா எட்டிப் பார்த்தாள். "கோழிக்குஞ்சுக்கு வைக்கிற மாதிரியா?"

"அதே மாதிரிதான் அத்தை."

"சாம்பிராணியும் போட்டா இன்னும் வெரசாக் காயுமே. பிள்ளை பெத்தவளுக்கு அப்படித்தானே..."

"ஐயோ அத்தை, புகை ஆகவே ஆகாது!"

மாயாண்டி பல்புக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார். மேனேஜர் தன் அறைக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"ஷெட்டு போனாப் போகுது. பூம்பாறையில பூண்டு பறிச்சுப் பொழைச்சுக்குவோம். உன் சோலி போகக்கூடாது."

"இலங்கையில ஒண்ணு, இங்க வந்து ஒண்ணுன்னு ரெண்டு தடவை குடியிருந்த வீட்டை விட்டு எந்திரிச்சு வந்தவங்க மாமா நீங்க. மூணாவது தடவை என்னால ஆகக்கூடாது."

மாயாண்டி தன் தேத்தண்ணியில் பாதியை அவள் டம்ளரில் ஊற்றினார்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு மூடி காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தது. இராசாத்தி எல்லாவற்றையும் பழையபடி பூட்டினாள். குருநாதன் வந்து பின்னால் நின்றார். அவள் சுவிட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. மூக்கம்மா முருகனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். அதற்குள் 'பீப்' என்று ஒரு சத்தம். திரையின் மூலையில் பச்சையாக ஒரு சிறு கோடு மினுக்கியது.

"பேசிருச்சு!" என்றாள் இராசாத்தி. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

குருநாதன் தொண்டையைச் செருமினார். "மாயாண்டி, ஷெட்டுல இருக்கிற சாமானையெல்லாம் இன்னிக்கே எடுத்துரு."

மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டார். "சார்..." என்று எழுந்தாள் இராசாத்தி.

"முழுசாக் கேளும்மா. எடுத்துட்டு வந்து இங்க உள்ளறையில வையின்னு சொல்ல வந்தேன். மழை ஓயிற மட்டும் தினம் ராத்திரி பல்பு எரியணும்ல? பாத்துக்க ஆள் வேணாமா?"

மூக்கம்மா பல்பை ஒரு பார்வை பார்த்தாள். "அந்தச் சூட்டுல எங்களுக்கும் பங்கு உண்டுங்களா?"

"அதை அதுகிட்டயே கேட்டுக்கங்க. பேசத்தான் ஆரம்பிச்சிருச்சே," என்று சொல்லிவிட்டு குருநாதன் மப்ளரை இறுக்கிக்கொண்டு படியிறங்கினார்.