ஒரு சாண் தூரம்

1

இருந்தவர்கள்: புருவம் திருத்தும் பார்லர் அக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவள் கணவர், எல்லாருக்கும் மாஸ்டர். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு நர்ஸ். கதவுக்கு அந்தப் பக்கம் கண் டாக்டர். கடைசி நாற்காலியில் நான், மூக்குக் கண்ணாடியை லேசரால் ஒழித்துக்கட்ட முடியுமா என்று விசாரிக்கப் போனவன்.

இந்தக் கதையில் நான் காதால் கேட்டது ஒரே வாக்கியம்தான். "போன தடவை நீங்கதானே பதில் சொன்னீங்க?" அக்கா மாஸ்டரிடம் சொன்னது. குரல் உயரவில்லை. மாஸ்டர் வாட்ச்சைப் பார்த்தார்.

மீதியெல்லாம் நான் கட்டியது. உண்மைதான் வேண்டும் என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

முதல் தொடக்கம்: "கண்புரை என்பது மனிதனுக்குள் மெல்ல இறங்கும் பனி..."

வேண்டாம். கண்புரை என்பது கலங்கிப்போன லென்ஸ். அதை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, சுருட்டிய செயற்கை லென்ஸை ஒரு சின்னக் கீறல் வழியாக உள்ளே விடுகிறார்கள். அது தானாக விரிந்துகொள்கிறது. தையல்கூட இல்லை. ஆனால் அந்த லென்ஸ் ஏதாவது ஒரு தூரத்தைத்தான் தெளிவாகக் காட்டும். இவ்வளவு வளர்ந்த வைத்தியத்திலும் மனிதன் வாயால் பதில் சொல்ல வேண்டிய ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. தூரத்துக்கு வைக்கவா, கிட்டத்துக்கு வைக்கவா?

இரண்டாவது தொடக்கம்: அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. சோடாபுட்டிக் கண்ணாடி இல்லாமல் தெருவில் இறங்க மாட்டாள். ஆனால் வேலை என்று வந்தால் அதைக் கழற்றி வைத்துவிடுவாள். நூலின் ஒரு முனை பல்லில், மற்றது விரல்களில், வாடிக்கையாளரின் முகம் ஒரு சாண் தூரத்தில். அந்த ஒரு சாணுக்குள் அவள் கண்ணுக்குத் தப்பிய முடி கிடையாது. ஊர் குறை என்று சொன்னதை வைத்துத்தான் அவள் பிழைத்தாள்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

முதல் கண்ணுக்கு ஆபரேஷன் முடிவானபோது டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். மாஸ்டர் முந்திக்கொண்டார்.

"இதுல என்ன டாக்டர் யோசனை? தூரம்தான். எதிர்ல நிக்கிற வண்டி நம்பரைப் படிக்கிறவனைத்தான் நான் ஸ்டியரிங்கையே தொடவிடுவேன்."

அவருக்குப் பார்வை என்றால் நம்பர் பிளேட். அக்கா தலையாட்டினாள். பார்லர் வைத்திருப்பது டாக்டருக்குத் தெரியும். நூலைப் பல்லில் கடிப்பது தெரியாது.

கட்டு அவிழ்த்ததும் அக்கா ஜன்னல் வழியே பார்த்து, "எதிர் மாடில துணி காயுது. கிளிப்பு பச்சை" என்றாள். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. (அழவிடலாமா என்று யோசித்தேன். அழட்டும். கற்றுக்குட்டிகளின் கையில் தினமும் உயிரைக் கொடுத்துவிட்டு உட்காருகிற மனிதர்.)

அடுத்த வாரம் ஒரு பெண்ணின் வலது புருவத்தில் வால் பகுதி காணாமல் போனது.

"அக்கா, எனக்கு நாளைக்கு இன்டர்வியூ."

"பென்சில்ல வரைஞ்சு விடறேன்மா."

"அங்க வேர்த்துதுன்னா புருவம் வழியுமேக்கா."

[குறுக்கே ஒரு சந்தேகம். படிக்கிற கண்ணாடி போட்டுக்கொண்டால் போதாதா? போட்டுப் பார்த்தாள். அது புத்தகம் பிடிக்கிற தூரத்துக்கு. பவரை ஏற்றினால் கண்ணாடி கனத்து வாடிக்கையாளர் மூக்கில் போய் இடித்தது. எல்லாத் தூரமும் காட்டும் லென்ஸ் இருக்கிறதே? அதுவும் ஒரு சாணுக்கு இறங்கி வராது. இன்னொரு கண்ணில் புரை முற்றிக்கொண்டிருந்தது.]

4

மாஸ்டரை வில்லனாக்கினால் கதை சுலபமாக முடியும். "பெண்டாட்டியின் சம்பாத்தியம் அவரை உறுத்திய" என்று எழுதி, வாக்கியம் முடியுமுன்னே நிறுத்தினேன். பொய். ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர், அவளுக்கு மட்டும் கண் சரியில்லை என்று பக்கத்து சீட்டிலேயே வைத்திருந்தார். அது அவருக்கு ஆறாத குறை. ஆபரேஷனுக்குப் பிறகு காலி மைதானத்தில் பயிற்சிக் காரை நிறுத்தி, ஸ்டியரிங் பக்கம் உட்காரச் சொன்னார்.

"கிளட்சை விடு. மெதுவா. நான் இருக்கேன்ல."

பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவர் வலது கால் அதன்மேல் இருந்தது. ஆனால் அந்தக் குரலில் அவர் வீட்டில் பேசியதே இல்லை. அக்கா இன்னொரு சுற்று ஓட்டினாள்.

ஆக, தூரமும் அவளுக்குப் பிடித்துவிட்டது. கதை என் பிடியிலிருந்து நழுவியது இங்கேதான்.

5

இரண்டாவது கண். இம்முறை அக்கா தலையாட்டவில்லை. நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு டாக்டரின் முகத்தை நோக்கிக் குனிந்தாள். டாக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இவ்வளவு கிட்டவா? ஏன் முதல்லயே சொல்லல?"

"யாரும் கேக்கல டாக்டர்."

"இந்தக் கண்ணைக் கிட்டத்துக்கு வைக்கலாம். ஆனா ரெண்டும் ரெண்டு விதமா பாக்கும். எல்லாருக்கும் ஒத்துக்காது. வண்டி ஓட்டறதை மறந்துடணும். ரெண்டு லென்ஸும் எடுத்து வைக்கறேன். ஆபரேஷன் அன்னிக்குக் காலையில சொல்லுங்க."

6

முடிவு அ: கிட்டம். பார்லர் பிழைக்கிறது. கார் சாவியை அவள் தொடுவதில்லை. மாஸ்டர் பழைய குரலுக்குத் திரும்புகிறார்.

முடிவு ஆ: தூரம். பார்லர் போர்டு இறங்குகிறது. அக்கா கார் ஓட்டுகிறாள். எங்கே போவதென்றுதான் அவளுக்கு

(முடிக்கவில்லை. எழுதுகிறவன் அவளை மிரட்டுவதுபோல் இருக்கிறது.)

7

தியேட்டர் வாசல். அக்கா தலையில் துணித் தொப்பி. நர்ஸ் கதவைப் பாதி திறந்தார்.

"டாக்டர் கேக்கறாங்க. தூரமா, கிட்டமா?"

மாஸ்டரின் வாய் பழக்கத்தில் திறந்தது.

"போன தடவை நீங்கதானே பதில் சொன்னீங்க?"

மாஸ்டர் வாட்ச்சைப் பார்த்தார். வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்தார்.

"அவளையே கேளுங்க சிஸ்டர்."

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு நர்ஸிடம், "உள்ள வந்து சொல்றேன்" என்றாள். மாஸ்டரும் ஓர் அடி எடுத்து வைத்தார்.

"நீங்க வெளியில இருங்க."

எனக்கும் அதே உத்தரவு. வாசிக்கிறவரைப் பற்றி நர்ஸ் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டுமானால் நீங்கள் உள்ளே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் சீக்கிரம், கதவு

சாத்திக்கொண்டது. உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.