தடுப்புக்கு அந்தப் பக்கம்

அவசரப் பிரிவு வாசலில் ஸ்ட்ரெச்சரைப் பிடித்தபடி நாகவல்லி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். துடைத்துக்கொண்டிருந்த மாப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் போனில் அழுதது காதை விட்டுப் போகவில்லை.

"நாகு, எங்க ஊட்டுக்காருக்கு நெஞ்ச அடைக்குதுடி. ஆட்டோல இட்டுகினு வந்துகினே கீறேன்."

போன வருஷம்வரை இந்தத் தர்ம ஆஸ்பத்திரி அவர்கள் தெருமுனையில்தான் இருந்தது. பெங்களூர் நெடுஞ்சாலைக்கு மாற்றப்போகிறார்கள் என்றதும் தெருவே போய் அதன் வாசலில் உட்கார்ந்தது. முதல் வரிசையில் பஞ்சவர்ணம். அப்போதுதான் துப்புரவு சூப்பர்வைசர் லோகநாதன் நாகவல்லியைத் தனியாகக் கூப்பிட்டான்.

"மீட்டிங் போடறாங்க. நீ சொன்னா உங்க தெரு ஜனங்க கேப்பாங்க. பேசிட்டன்னா புது எடத்துல உனக்கு வேலை நிச்சயம்."

அவள் பேசினாள். மைக்கைப் பிடித்து, "பெரிய டாக்டருங்கல்லாம் வருவாங்க. ஆம்புலன்ஸ் ஒண்ணு நம்ம தெருவுலயே நிக்கும்" என்றாள். ஆம்புலன்ஸைப் பற்றி யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. கூட்டம் முணுமுணுத்தபோது வாயில் வந்துவிட்டது. "உள்ளயே வேலை செய்யறவ, அவளுக்குத் தெரியாதா?" என்று சொல்லி, உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பிக்கொண்டு போனவள் பஞ்சவர்ணம்தான்.

எதிர்ச் சாலையில் ஆட்டோ தெரிந்தது. பஞ்சவர்ணம் தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்.

"நாகூ! எப்டிடி வர்றது?"

நடுவே இடுப்பளவு சிமென்ட் தடுப்பு. அதன்மேல் கம்பி வேலி.

"பாலத்தாண்ட போய்த் திரும்பணும்க்கா!"

லாரி இரைச்சலில் அது போய்ச் சேர்ந்ததோ என்னவோ. ஆட்டோ ஒரு கணம் நின்றது. பஞ்சவர்ணத்தின் மடியில் அவள் புருஷன் தேவராஜின் தலை இருந்தது. சட்டை நெஞ்சுவரை வேர்வையில் நனைந்திருந்தது. பின்னால் ஹாரன்கள் அலற, ஆட்டோ ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போய்விட்டது.

பாலத்தடியில் கன்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றனவாம். சுற்றிக்கொண்டு ஆட்டோ வந்து சேர்ந்தபோது தேவராஜின் உடம்பில் சூடு மட்டுமே மிச்சமிருந்தது. டாக்டர் இமையை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கக் கூடாதாம்மா?"

பெஞ்சில் பஞ்சவர்ணம் அழாமல் உட்கார்ந்திருந்தாள். செருப்பில்லாத கால்களில் பாலத்தடிச் சேறு அப்பியிருந்தது. நாகவல்லி பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அவள் கையைப் பஞ்சவர்ணம் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஸ்ட்ரெச்சரோட வாசல்லயே நின்ன பாரு. கூடப் பொறந்தவகூட இப்டி நிக்கமாட்டாடி."

"அக்கா... அன்னிக்கு மீட்டிங்ல நான்..."

"இங்க இன்னா உக்காந்துகினு கீற?" லோகநாதன் வந்து நின்றான். "தரையெல்லாம் சேறு பாரு. தொடச்சி வுடு." பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்தினான். "உங்க தெருவுல மிச்சம் கீற பிரசவ வார்டையும் இங்க கொண்டாராங்க. நாளைக்கு மீட்டிங். அன்னிக்கு மாதிரியே நீ பேசிடு, இன்னா?"

நாகவல்லி முடியாது என்று சொல்லவில்லை. எழுந்து மாப்பைக் கொண்டுவந்து பிழிந்தாள்.

"தொடைக்கணுமா?" என்று கேட்ட பஞ்சவர்ணம், அவளுக்கு வழிவிட்டு இரண்டு கால்களையும் பெஞ்சின்மேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.