அண்ணனூர் ஸ்டேஷனில் நின்றது யார்?

ஆயுத பூஜை நாடகம் முடியும் நேரம். ஆவடி குவார்ட்டர்ஸ் மைதானமே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. ஹில்டாவுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

அழமாட்டார்களா பின்னே? மேடையில் பார்த்தசாரதி பெஞ்சில் உட்கார்ந்து அப்படிக் கதறுகிறான். கதை, வசனம், கதாநாயகன் எல்லாம் அவனே. ஃபாக்டரியில் லேத் ஓட்டுகிறவனுக்கு வருஷத்தில் இந்த ஒருநாள் கூத்து. காதலி ஸ்டெல்லா வருவாள், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று அண்ணனூர் ஸ்டேஷனில் காத்துக்கிடக்கிறானாம். வெல்டிங் வேலை பார்க்கும் அவள் அப்பன், வேற மதத்தானா என்று மகளை அறையில் வைத்துப் பூட்டிவிட்டானாம். ஸ்டெல்லா அழுது அழுதே செத்துப்போகிறாள்.

"பாவி அப்பன்! நாசமாப் போவ!" என்று பக்கத்தில் ஜெகதாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஆண்கள் பக்கம் நாலைந்து தலைகள் திரும்பின. அங்கே ஹில்டாவின் அப்பா, வெல்டிங் பால்ராஜ், கையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். ஹில்டாவும் பார்த்தசாரதியும் காதலித்தது குவார்ட்டர்ஸில் யாருக்குத் தெரியாது? ஏன் கல்யாணத்தில் முடியவில்லை என்பதுதான் தெரியாது. இன்றைக்குத் தெரிந்துவிட்டதாம்!

எல்லாம் புளுகு. ஆறு வருஷத்துக்கு முன் அந்த ஸ்டேஷனில் நின்றவள் ஹில்டா. சர்ச்சில் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும் என்று, மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பால்ராஜும் கூடவே நின்றார். ஆவடியில் தெரிந்த முகங்கள் அதிகம், அண்ணனூருக்கு வா என்று சொன்னவனே பார்த்தசாரதிதான். பொழுது சாயும்வரை பார்த்தார்கள். ஐயா வரவில்லை. அடுத்த தையில் அத்தை மகளைக் கட்டிக்கொண்டான். சொன்னால் மகள் பேர்தான் கெடும் என்று பால்ராஜ் மூச்சு விடவில்லை. அதுவே இவனுக்கு வசதியாய்ப் போயிற்று.

அவன் கோழையாக இருந்ததைக்கூட ஹில்டா பொறுத்துக்கொண்டாள். பெட்டி தூக்கி வந்த மனுஷனை ஊரே சபிப்பதா?

நாடகம் முடிந்ததும் மேடையேறி நடிகருக்கு மாலையோ துண்டோ போட்டு, மைக்கில் இரண்டு வார்த்தை பாராட்டிப் பேசுவது அங்கே வழக்கம். ஹில்டா விடுவிடுவென்று ஏறினாள். கையில் துண்டு இல்லை. மைக்கைப் பிடுங்கினாள்.

"டிராமா நல்லாத்தான் கீது. ஆனா ஸ்டேஷன்ல நின்னது இந்த ஆளு இல்ல, நான். பக்கத்துல என் பொட்டியத் தூக்கிகினு நின்னவரு எங்க நைனா. வராத மவராசன் இதோ, மாலை போட்டுகினு நிக்கிறாரு!"

பார்த்தசாரதி அசடு வழியச் சிரித்தான்.

"ஹில்டா, இதெல்லாம் வெறும் கற்பனைம்மா."

"கற்பனையா? காசா பணமா, அதுலயாவது என்னைக் கட்டிகினு இருக்கலாமே! அதுலயும் ஏன்யா சாவடிச்ச?"

திட்டத்தான் ஆரம்பித்தாள். கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. மைக்கை அவன் கையில் திணித்துவிட்டு இறங்கினாள்.

கீழே பால்ராஜ் எழுந்து நின்றிருந்தார். "ஊட்டுக்குப் போலாம் வாம்மா" என்றார். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அவர் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். ஹில்டாதான் வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தாள்.