பூனைக்கண் நீலம்

சோபா கடைக்காரர் அனுப்பிய படத்தில் மயில்நீல சோபா பாசிப்பச்சையாகத் தெரிந்தது.

"அஞ்சே நிமிஷம் அண்ணே," என்று போனை வைத்தாள் போட்டோ ஸ்டூடியோக்காரி. மொத்தப் படத்தையும் நீலத்தில் முக்கியெடுக்கிற அரைகுறை வேலையெல்லாம் அவளுக்கு ஆகாது. கம்ப்யூட்டரில் பச்சையை மட்டும் பிடித்து நீலத்துக்குத் தள்ளினாள். சோபா ஜொலித்தது. கூடவே மூலையிலிருந்த செடியும் நீலமாகிவிட்டது.

"உன்னை யாரு கூப்பிட்டா?" என்று அதட்டிவிட்டு, இலை இலையாகப் பிரஷ் ஓட்டி அதன் பச்சையைத் திருப்பிக் கொடுத்தாள். படத்தை அனுப்பிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

மறுநாள் கடைக்காரர் கூப்பிட்டார். "சோபா அச்சு அசலா இருக்கும்மா. ஆனா அதுமேல உக்காந்திருக்கற எங்க வீட்டுப் பூனையைப் பாரு."

பார்த்தாள். பூனையின் பச்சைக் கண்கள் இரண்டும் மயில்நீலத்தில் மின்னின. செடியைப் பார்த்தவள் இதைக் கோட்டை விட்டிருந்தாள்.

"விளம்பரத்துல படத்தைப் பார்த்துட்டு காலையிலேர்ந்து ஏழு பேர் கூப்பிட்டாச்சு. எல்லாரும் பூனை என்ன விலைன்னுதான் கேக்கறாங்க!"

அவள் அசரவில்லை. "ரெண்டே நிமிஷம். கண்ணைப் பழையபடி பச்சையாக்கிடறேன்."

"ஐயையோ, கை வெச்சுடாதே! பூனையைப் பார்க்க வந்தவங்கதான் ரெண்டு சோபாவை வாங்கிட்டுப் போனாங்க. நாளைக்குக் கட்டிலைப் படமெடுக்கறேன். பூனை அதுலயும் இருக்கும்."