அழுத்தினால் வலிக்கும் இடம்

படிக்கட்டின் கடைசித் திருப்பத்தில் சவப்பெட்டியின் பாரம் முழுக்கத் தம்பியின் நெஞ்சில் வந்து சாய்ந்தது. லிஃப்டுக்குள் அது நுழையவில்லை. மூன்று மாடியும் தூக்கித்தான் இறக்கினார்கள். வண்டியில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தவனுக்கு இடது மார்பில் சுருக்கென்றது.

அண்ணனுக்கும் நேற்று இப்படித்தான். "வெறும் வாயுடி, ஒரு சோடா வாங்கிட்டு வா" என்று அண்ணியை அனுப்பினார். அவள் சோடாவோடு வந்தபோது, பஸ் ஓட்டப் போகிற சீருடையோடு கூடத்தில் கிடந்தார்.

தம்பிக்கு உள்ளங்கை வேர்த்தது. நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான். "எனக்கும் வருது... எனக்கும் வருது!"

"சித்தப்பா!" அண்ணன் மகள் ஓடிவந்து தாங்கினாள். "அம்மா, நீங்க கிளம்புங்க. கல்லறையில அடுத்த அடக்கத்துக்கு ஆள் காத்திருக்காங்களாம். நான் இவரை ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துடறேன்."

வேறு யாராவது வரட்டும் என்று அவன் சொல்லியிருக்கலாம். அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஈசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வந்து, விலா எலும்பு நெஞ்செலும்போடு சேருமிடத்தில் விரலை வைத்து அழுத்தினார்.

"ஐயோ!"

"கைக்கோ தாடைக்கோ பரவுதா? நெஞ்சு எரியுதா?"

"இல்ல. மூச்சு இழுத்தா மட்டும் குத்துது."

"ஈசிஜி, ரத்தம் ரெண்டும் நல்லாருக்கு. நுரையீரல்லயும் ஒண்ணுமில்ல. இது சதைப்பிடிப்பு."

"அப்ப சாக மாட்டேனா?" என்றவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வலியோடு வலியாக, கட்டில் ஆடச் சிரித்தான்.

"கனமா ஏதாவது தூக்கினீங்களா?"

சிரிப்பு நின்றது. சட்டைப் பொத்தான் கைக்கு அகப்படவில்லை.

"எங்கண்ணனை" என்றான்.

திரைக்கு அந்தப் பக்கம்தான் அண்ணன் மகள் உட்கார்ந்திருந்தாள். இவன் வெளியே வந்ததும் எழுந்தாள்.

"பயப்பட ஒண்ணுமில்லையே?"

"சதைதான் பிடிச்சிருக்காம்."

"நல்லவேளை." கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். "அங்க அடக்கம் முடிஞ்சிருச்சாம். அம்மா நேரா வீட்டுக்கு வரச் சொன்னாங்க."



காரில் ஏறியதும் அவளே குனிந்து அவனுடைய சீட் பெல்ட்டை மாட்டினாள். மாட்டிவிட்டு, பட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவே விரலை விட்டுத் தளர்த்திப் பார்த்தாள்.

"அழுத்துதா சித்தப்பா?"

அழுத்தியது. இல்லையென்று தலையாட்டினான்.